பொட்டு வைத்த போல்ட்

செப்டம்பர் 2, செவ்வாய்

இந்த டைரி பேரிங் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. எழுத ஒன்றும் இல்லாததால் இத்தனை மாதம் அலமாரியிலேயே கிடந்தது. இன்று ஒரு கார் வந்தது.

நீல நிறம். இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். முன்பக்கம் ஒரு கன்னம் நசுங்கியிருந்தது. கூடவே ஒரு அக்கா வந்தார். இடது மணிக்கட்டில் கட்டு. நான் கழுவும் தொட்டிக்குப் பின்னால் இருந்தேன். எங்கள் பட்டறையில் பிரித்த சாமான்களைக் கழுவுவது என் வேலை. ஆட்கள் வந்தால் அங்கேயே குனிந்துகொள்ளலாம்.

எஞ்சினின் பக்கச் சுவரில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அப்பா உள்ளே கையை விட்டு வளைந்த இரும்பு ஒன்றை எடுத்தார். கனெக்டிங் ராடு. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கை. பாதியில் முறுக்கிக்கொண்டு கிடந்தது.

"கடிச்சுப் போட்ட கோழிக் காலாட்டம் இருக்குது" என்றார் குப்புராஜ் அண்ணன். அப்பாவிடம் வேலை செய்பவர் அவர் ஒருவர்தான்.

"எப்பங்க போச்சு? மிதிச்சப்பவா, கால எடுத்தப்பவா?" என்று அப்பா கேட்டார்.

"கோட்டத் தாண்டிட்டேண்ணா. ஜெயிச்சாச்சுன்னு கால எடுத்தேன். அப்பதான்."

"அப்பதான் போவும்."

ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது வெடிப்பு பிஸ்டனைக் கீழே தள்ளும். ராடு அமுங்கும், தாங்கிக்கொள்ளும். காலை எடுத்துவிட்டால் தள்ள எதுவும் இல்லை. மேலே பறந்துபோகும் பிஸ்டனை ராடு ஒன்றுதான் பிடித்து இழுத்துத் திருப்ப வேண்டும். அந்த இழுப்பில் முதலில் விடுவது ராடின் அடியைக் கவ்வியிருக்கும் இரண்டு போல்ட்டுகள். அப்பா இதைச் சொல்லி முடித்ததும் அந்த அக்கா, "அப்ப நான் கால எடுக்கவே கூடாதா?" என்றார்.

"எடுக்காம எங்க போவீங்க, ரோட்ட தாண்டிச் சோளக்காட்டுக்கா?"

அவர் சிரித்தார். அவர் பெயர் ரெபேக்கா. எங்கள் ஊரிலேயே ராமநாதபுரம் பகுதியில் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் நேர்கோட்டுப் பந்தயம் ஓட்டுகிறார். ராடு உடைந்து, கொட்டிய எண்ணெயிலேயே டயர் வழுக்கிச் சுவரில் மோதியிருக்கிறார். இன்னும் கொஞ்சம் வேகம் இருந்திருந்தால் கட்டு மணிக்கட்டோடு நின்றிருக்காது என்றார், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதைப்போல.

ஐந்நூறு குதிரைசக்தி வேண்டுமாம். கம்பெனி கொடுத்த எஞ்சினில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது.


செப்டம்பர் 4, வியாழன்

ரசம், பீன்ஸ் பொரியல். நீலக் கார் எஞ்சினைப் பிரித்தாயிற்று. நாள் முழுக்கக் கழுவினேன்.


செப்டம்பர் 9, செவ்வாய்

மேசை மேல் மூன்று வகை ராடு கிடக்கிறது.

ஒன்று, உடைந்த செட்டில் தப்பித்த ராடு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்படி மூன்று இருக்கிறதே, ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் என்ன என்று குப்புராஜ் அண்ணன் கேட்டார். அப்பா அதை எடுத்து என் தொட்டிப் பக்கம் தள்ளி வைத்தார்.

இரண்டாவது, நடுவில் பள்ளம் குடைந்து எடை குறைத்தது. கையில் எடுத்தால் வெண்டைக்காய் மாதிரி இருக்கிறது. சென்னையில் ஸ்டாக் இருக்கிறதாம், நான்கே நாளில் வந்துவிடும். மூன்றாவது தடித்த முதுகோடு கனமாக இருக்கிறது. அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். இவை இரண்டும் மாதிரிக்கு வாங்கி வந்தவை.

லேசாக இருந்தால் எஞ்சின் வேகமாகச் சுழலும். காலை எடுக்கும்போது இழுப்பும் குறைவு. கனமாக இருந்தால் டர்போ கொடுக்கும் தள்ளலைத் தாங்கும். அப்பா இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.


செப்டம்பர் 14, ஞாயிறு

ரெபேக்கா அக்கா வந்தார். கட்டு அவிழ்த்திருந்தார். அவருக்கு லேசான ராடுதான் வேண்டும். அப்பாவுக்குக் கனமானது. மெதுவாகத்தான் ஆரம்பித்தார்கள்.

"அண்ணா, எனக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு. உங்க ராடப் போட்டா மாட்டு வண்டி."

"மாட்டு வண்டி எங்கயும் செவுத்துல மோதுனதா நாங் கேட்டதில்லீங்க."

"அதுல பந்தயத்துக்குப் போனவங்களயும் நான் கேட்டதில்ல."

குப்புராஜ் அண்ணன் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பிறகு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அக்கா தொட்டிப் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்ற?" என்றார்.

என்னைத்தான் கேட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். கையால். என் மேல் வரிசையில் ஒரு தெத்துப்பல் இருக்கிறது. பேசும்போது கை தானாக மேலே வந்துவிடும். அவர் காத்துக்கொண்டிருந்தார். போன் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. காத்துக்கொண்டே இருந்தார்.

"அதுல போல்ட்டு பெருசு" என்றேன்.

உண்மைதான். லேசான ராடில் மூன்று நூல் போல்ட், ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. கனமான ராடில் மூன்றரை நூல். கழுவும்போது விரலில் தெரியும். அக்கா இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "விடறது போல்ட்டுன்னு நீங்கதானண்ணா சொன்னீங்க" என்றார். பிறகு, "சரி, மாட்டு வண்டியே போடுங்க" என்றார்.

போகும்போது என் பெயர் கேட்டார். யமுனா என்றேன். "வரேன் யமு" என்றார்.

யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.


செப்டம்பர் 18, வியாழன்

அம்மா போன் செய்தாள். என் கூடப்பிறந்த அக்காவின் குழந்தைக்குப் பல் முளைக்கிறதாம், தூங்கவிடவில்லையாம். குழந்தை பிறந்ததும் மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஓசூர் போனாள். இப்போது குழந்தை சுவரைப் பிடித்து நடக்கிறது. "அப்பா சாப்பிட்டாரா?" என்றாள். சாப்பிட்டார் என்றேன். போனைக் குழந்தையின் காதில் வைத்தாள். நான் பேசுவதற்குள் அது அழுதுவிட்டது.

அம்மா அங்கே இருப்பதால்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். சமைக்க ஆள் வேண்டும் அல்லவா.


செப்டம்பர் 26, வெள்ளி

ராடுகள் வந்துவிட்டன. நான்கு. உபரி போல்ட் இரண்டு. தாளைப் பிரித்தபோது உள்ளே மீன் தோல் மாதிரி பளபளத்தன.

எடை போடுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. ராடின் ஒரு முனையைத் தராசிலும் மறு முனையைச் சங்கிலியிலும் வைக்க வேண்டும். பிறகு திருப்பிப் போட வேண்டும். நான்கும் இரண்டு முனையிலும் ஒரே எடை இருந்தால்தான் எஞ்சின் அதிராமல் ஓடும். ஒன்று மட்டும் கொஞ்சம் கனம் அதிகமாக இருந்தது. அப்பா அதைத் துளி துளியாகத் தேய்க்க, நான் வைத்து வைத்துச் சொன்னேன்.

அக்கா கிளினிக் முடித்து வந்து எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அவரும் பல்லுக்குள் திருகு வைத்து முடுக்குவாராம், அதற்கும் இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் உண்டாம், விரல் நீளம்தான் இருக்குமாம்.

"ஜாஸ்தி முடுக்கினா தாடை எலும்பு போயிடும். கம்மியா முடுக்கினா பல்லு சாப்பாட்டோட வந்துடும். ரெண்டுக்கும் திட்டு எனக்குத்தான்."

நான் சிரித்துவிட்டேன். கை தராசில் இருந்ததால் வாயை மூட முடியவில்லை. அவர் பார்த்தார். எழுந்து போகும்போதுதான், "ஒரு நாள் கிளினிக் வா யமு. பயப்படாத, சும்மா பாக்கலாம். ரேஸ் முடியட்டும், நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

பந்தயம் அக்டோபர் பன்னிரண்டு.


செப்டம்பர் 29, திங்கள்

அக்கா வரவில்லை. வருவதாகச் சொல்லவும் இல்லை. ஆறு மணிக்கு மேல் கேட்டைச் சாத்தலாமா என்று குப்புராஜ் அண்ணன் கேட்டபோது இன்னும் கொஞ்ச நேரம் என்றேன். ஏன் என்றார். காற்று வரட்டும் என்றேன்.


அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. விடிந்ததிலிருந்து துடைத்துக்கொண்டே இருந்தோம். லேத், வைஸ், கிரைண்டர், ஸ்பேனர் பலகை, அப்பாவின் ஸ்கூட்டர், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். புது ராடுகளை வாழை இலையில் வரிசையாக வைத்தேன். போல்ட்டுகளைக் கழற்றித் தனியாக ஒரு சிறு இலையில் வைத்தேன். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துப் பொட்டு வைத்தேன். முதலில் தலையில் மட்டும் வைத்தேன். பிடிப்பது தலையா, திருகு மறை ஓடும் முனையா என்று யோசனை வந்தது. இரண்டு பக்கமும் வைத்தேன். உபரிக்கும் சேர்த்து.

அக்கா கேக் வாங்கி வந்தார். குப்புராஜ் அண்ணன் அதைப் பொரிகடலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பூசைக்குக் கேக்கு வெச்ச மொத பட்டற நம்முளுதுதானுங்க."

"எங்க வீட்ல பூஜையெல்லாம் கிடையாதுண்ணா. வண்டிக்குள்ள அம்மா ஒரு சிலுவை மாட்டி விடுவாங்க, அவ்ளோதான்" என்றபடி அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சின்ன இலையைப் பார்த்ததும் நின்றார். "அட, போல்ட்டுக்குமா? யாரு வெச்சது?"

நான்தான் என்று தலையை அசைத்தேன்.

ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இதக் கழுவிடாத யமு. இருக்கட்டும். அங்க நான் மிதிக்கறப்ப உள்ள இது இருக்கும்ல" என்றார்.

பூசணிக்காய் உடைத்தார் அப்பா. எல்லோருக்கும் பொரி கொடுத்தேன். இன்று எந்தக் கருவியையும் தொடக் கூடாது. அக்கா போன பிறகு பட்டறை மிகவும் அமைதியாக இருந்தது. மீதிக் கேக்கை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை. எனக்கு மட்டும்தான்.


அக்டோபர் 3, வெள்ளி

எஞ்சின் கோத்தாயிற்று.

போல்ட்டை முடுக்கினால் அது துளி நீளும், ரப்பர் மாதிரி. அந்த நீட்சிதான் பிடிப்பு. அப்பா வழக்கமாக அதை முள் ஓடும் ஒரு கேஜ் வைத்து அளந்து பார்ப்பார். கேஜைப் பீளமேட்டில் ஒருவர் இரவல் வாங்கிப் போயிருக்கிறார். பூஜைக்குக் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனவர் இன்னும் வரவில்லை. டார்க் ரெஞ்ச் போதும் என்று அப்பா முடிவு செய்தார். அதில் அளவு வைத்து முடுக்கினால், சரியான இறுக்கம் வந்ததும் டிக் என்று சத்தம் வரும்.

"எல்லாங் கழுவியாச்சா அம்மிணி?"

தலையாட்டினேன். ராடு, கேப், பேரிங் எல்லாவற்றையும் இரண்டு தரம் கழுவியிருந்தேன். போல்ட்டுகளைத் துணியால் துடைத்திருந்தேன்.

அப்பா எண்ணெய் தொட்டு ஒவ்வொன்றாக முடுக்கினார். டிக். டிக். தலைகளில் மங்கலாக மஞ்சள் தெரிந்தது. எனக்கு மட்டும் தெரிந்த மஞ்சள்.


அக்டோபர் 5, ஞாயிறு

எஞ்சினைக் காரில் ஏற்றி உயிர் கொடுத்தார்கள். ஓட்டு வீடெல்லாம் அதிர்ந்தது. அக்கா என் தோளில் கை போட்டுக்கொண்டு கேட்டார். சட்டையில் கிரீஸ் ஒட்டும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.


அக்டோபர் 8, புதன்

கேஜ் திரும்பி வந்தது. அப்பாவும் குப்புராஜ் அண்ணனும் வெளியே போயிருந்தார்கள். மத்தியானம் எனக்கு வேலை இல்லை. சும்மாதான் எடுத்தேன். முள் ஓடுவதைப் பார்க்கப் பிடிக்கும்.

மாதிரிக்கு வாங்கிய கனமான ராடை வைஸில் பிடித்து உபரி போல்ட் ஒன்றைப் போட்டேன். பூஜையன்று பொட்டு வைத்தது. அப்பா மாதிரியே எண்ணெய் தொட்டு டார்க் ரெஞ்சில் முடுக்கினேன். பாதியிலேயே நறநறவென்றது, மணல் கடித்த மாதிரி. டிக் என்றது. கேஜைப் பார்த்தேன். முள் வர வேண்டிய இடத்தில் பாதிகூட வரவில்லை.

தப்பாகப் பிடித்தேனோ என்று மறுபடி செய்தேன். அதே பாதி.

போல்ட்டைக் கழற்றினேன். மறையின் பள்ளத்தில் காய்ந்த சந்தனம் சிமெண்ட் மாதிரி உட்கார்ந்திருந்தது. பெட்ரோலில் போட்டு பிரஷ் வைத்துக் கழுவினேன். எண்ணெய் தொட்டு மறுபடி முடுக்கினேன். டிக். முள் சரியான இடத்துக்கு வந்து நின்றது.

ரெஞ்சுக்கு எது இறுக்கம், எது உரசல் என்று தெரியாது. இரண்டுக்கும் ஒரே டிக்.

எல்லாவற்றையும் எடுத்த இடத்தில் வைத்தேன். அரிசி ஊற வைத்தேன். அப்பா வந்ததும் சொல்ல வேண்டும். வந்தார். காப்பி கொடுத்தேன். நாளை நாலு மணிக்கு லாரி வரும், காரைச் சென்னைக்கு ஏற்றுகிறார்கள் என்றார். சரி என்றேன்.


அக்டோபர் 9, வியாழன்

காலையில் சொல்லலாம் என்று இருந்தேன். அப்பா சங்ககிரிக்கு ஒரு துக்கத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுத்தேன். பஸ் ஏறிவிட்டார்.

போன் செய்து சொல்லலாம். எடுத்து எடுத்து வைத்தேன். சொன்னால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் பந்தயம் போய்விடும். அக்கா வருடம் முழுக்கக் காத்திருந்த பந்தயம். இனி இந்தக் கேட்டுக்குள் எதற்கு வருவார்?

ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஒரு உபரி போல்ட்டில்தான் பார்த்தேன். மற்றவை நன்றாகவே பிடித்திருக்கலாம். சாம்பார் கொதிக்கும் வரை இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, கோட்டைத் தாண்டி அவர் காலை எடுப்பதை நினைத்தேன்.

நாலு மணிக்கு முன்பே லாரி வந்துவிட்டது. டிரைவர் பலகையை இறக்கினார். குப்புராஜ் அண்ணன் காரைத் தள்ள வந்தார். நில்லுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. கை மேலே போனது.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் புகுந்தேன். எஞ்சின் எண்ணெய் வடிக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டேன். புது எண்ணெய் கைகள் மீதும் தலைமுடியிலும் கொட்டியது. தரை முழுக்கத் தேன் மாதிரி ஓடியது.

"பாப்பா, என்ன காரியம் பண்ற? கிறுக்குப் புடிச்சிருச்சா?" குப்புராஜ் அண்ணன் காலைப் பிடித்து என்னை வெளியே இழுத்தார். அப்போதுதான் அக்கா கேட்டுக்குள் வந்தார். ஒரு கையில் ஹெல்மெட். எண்ணெயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன யமு இது?"

இரண்டு கையும் முழங்கை வரை எண்ணெய். வாயை மூட முடியவில்லை. அப்படியே சொன்னேன். போல்ட்டைக் கழுவவில்லை. மறையில் சந்தனம் இருக்கிறது. ரெஞ்ச் டிக் என்றாலும் பிடிப்பு இல்லை. கேஜில் பார்த்தேன். ஓட்டாதீர்கள்.

வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

"ஏன் கழுவல?" என்றார். குரல் உயரவில்லை.

குப்புராஜ் அண்ணன், "அன்னைக்கு நீங்கதானுங்க அத..." என்று ஆரம்பித்தார். அவர் காலை மிதித்தேன்.

"மறந்துட்டேன்" என்றேன்.

அக்கா ஹெல்மெட்டை மேசை மேல் வைத்தார். பிறகு மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.


அக்டோபர் 10, வெள்ளி

அப்பா சங்ககிரியிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தார். குளிக்கக்கூட இல்லை. எஞ்சினைக் கீழிருந்து திறந்தார். அக்கா கை கட்டி நின்றார்.

போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன்னும் பின்னும் அளந்தால் எவ்வளவு நீண்டிருந்தது என்று தெரியும். முதல் ராடு, சரியாக இருந்தது. இரண்டாவது, சரி. அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். இன்று ஏற்றினால்கூடப் போய்விடலாம்.

"எல்லாம் சரியாத்தாண்ணா இருக்கு."

அப்பா மூன்றாவதுக்குப் போனார். எல்லாம் சரியாக இருந்துவிடட்டும் என்று நினைத்தேன். அப்படி இருந்தால் நான் செய்தது வெறும் கிறுக்குத்தனம் ஆகிவிடும் என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒன்றாக நினைத்தேன்.

மூன்றாவது ராடில் ஒரு போல்ட் பாதிதான் நீண்டிருந்தது. இன்னொன்று கையோடு சுழன்றது.

அப்பா அந்தப் போல்ட்டை அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். மறையில் மஞ்சள் தெரிந்தது. அக்கா அதை வெகுநேரம் பார்த்தார். நினைவு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வராததே நல்லது. அவர் கழுவாதே என்றது பொட்டைத்தான். மறையை இல்லை.

"தப்பு என்னுதுங்க. கேஜ் இல்லாம நாங் கோத்திருக்கக் கூடாது" என்றார் அப்பா.

"விடுங்கண்ணா. அடுத்த மாசம் ஒண்ணு இருக்கு." வாசல் வரை போய் நின்றார். "அடுத்த தடவ நீங்களே கழுவிடுங்க."

வரேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவிடம்.


அக்டோபர் 12, ஞாயிறு

பந்தய நாள். துணி துவைத்தேன்.


அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்கு அம்மா வருவாள் என்று அப்பா சொல்லியிருந்தார். குழந்தைக்குச் சளி. வரவில்லை.

ஒன்றைத் திருத்த வேண்டும். அம்மா போனதால் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று முன்பு எழுதியிருக்கிறேன். நான் நின்றது போன வருடம் ஜூலையில். அம்மா போனது செப்டம்பரில். பதினொன்றாம் வகுப்பில் புது டீச்சர் எழுந்து பெயர் சொல்லச் சொன்னார். கையை எடுத்துவிட்டுச் சொல் என்றார். எடுத்தேன். முன் பெஞ்சில் ஒருத்தி என்னை மாதிரியே உதட்டைத் தூக்கிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் கொஞ்சம். அவ்வளவுதான் நடந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை.


அக்டோபர் 30, வியாழன்

புது போல்ட்டுகள் வந்தன. அப்பா டப்பாவைத் திறந்து பார்த்தார், பிறகு என் தொட்டி விளிம்பில் வைத்தார்.

"அவங்க உங்களத்தான் கழுவச் சொன்னாங்க" என்றேன்.

"நானெங்க கழுவறது. எனக்குக் கண்ணு தெரியறதில்ல" என்றார். அப்பாவுக்குக் கண் நன்றாகத் தெரியும். நேற்று ரேஷன் கார்டில் இருக்கும் சின்ன எழுத்தைப் படித்தார்.

கழுவினேன். ஒவ்வொரு மறையையும் பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தேன். அப்பா முடுக்கினார். நான் கேஜைப் பிடித்தேன். எட்டு தரமும் முள் சரியான இடத்தில் நின்றது. எதற்கும் பொட்டு வைக்கவில்லை.


நவம்பர் 5, புதன்

அக்கா கார் எடுக்க வந்தார். நான் கழுவிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. குரல் கேட்டது, சிரிப்பு கேட்டது, கார் கிளம்பியது. கிளினிக் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு நிறையப் பேஷண்ட் இருப்பார்கள்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போகிறார். என்னையும் கூப்பிட்டார். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றேன்.


நவம்பர் 9, ஞாயிறு

ஒரு மணிக்கு அப்பாவுக்கு மாத்திரை போட்டாரா என்று கேட்கப் போன் செய்தேன். "போட்டேன் அம்மிணி. இரு, கோட்டுக்கு வந்துட்டாங்க" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். துண்டிக்க மறந்துவிட்டார். அப்பா எப்போதும் அப்படித்தான்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

முதலில் கூட்டத்தின் சத்தம். பிறகு எல்லாச் சத்தத்தையும் அமுக்கிக்கொண்டு எங்கள் எஞ்சின். எத்தனை கார் இருந்தாலும் எனக்குத் தெரியும். அக்கா மிதித்தார். போன் காதில் அதிர்ந்தது. ஒரு கியர், அடுத்த கியர், அதற்கடுத்தது. மேலே மேலே போனது. நான் அதைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வரப்போவதற்குக் காத்திருந்தேன்.

காலை எடுத்தார்.

சத்தம் பொத்தென்று இறங்கியது. உள்ளே நான்கு பிஸ்டனும் மேலே பறக்கும், நான்கு ராடும் பிடித்து இழுக்கும், எட்டு போல்ட்டும் கவ்வியிருக்கும். படபடவென்று இரண்டு வெடிப்பு, பின்குழாயில் வருவதுதான், கெட்டதல்ல. பிறகு சீராக இறங்கி, இறங்கி, நின்றது.

ஒன்றும் உடையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் குரல் கிட்டத்தில் கேட்டது. மூச்சு வாங்கியது. "அண்ணா, கல்லு மாதிரி நிக்குது. கால எடுக்கறப்ப அப்படியே மனசு நின்னு போச்சு. ஒண்ணுமே இல்ல." அப்பா ஏதோ சொன்னார். யாரோ தட்டினார்கள். பிறகு அவர், "உங்க பொண்ணு வரலையா?" என்றார்.

உங்க பொண்ணு.

"வரலீங்க."

"நல்லா இருக்கால்ல?"

"இருக்குதுங்க" என்றார் அப்பா.

அப்புறம் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று பேசினார்கள். அதன் பிறகு அவர் குரல் இல்லை. நான் துண்டிக்கவில்லை. அப்பா நடக்க நடக்கச் சட்டைத் துணி உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சார்ஜ் தீர்ந்து தானாக நிற்கும் வரை கேட்டேன்.

சாயந்திரம் தொட்டியைக் காலி செய்து கவிழ்த்து வைத்தேன். இரண்டாவது உபரி போல்ட் அலமாரியில் இருக்கிறது. தலையிலும் முனையிலும் பொட்டு அப்படியே இருக்கிறது. அதை மட்டும் கழுவவில்லை. அது எந்த எஞ்சினிலும் ஏறப்போவதில்லை.